பிபிஇ சூட்டுக்குள்ள (உடம்ப மூடுற பாதுகாப்பு உடுப்பு) உடம்பு எவ்ளோ சூடாகும்னு கணக்கு போடுறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

சேஃப்டி வேலையில நான் அடிக்கடி பாக்குற முதல் தப்பு, போன்ல வெதர் ஆப்ப பாத்துட்டு "இன்னிக்கு 34தான், ஒரு மணி நேரம் உள்ள போலாம்"னு முடிவு பண்றது. ஆப் சொல்றது நிழல்ல இருக்குற காத்தோட சூடு. சைட்ல டபிள்யூபிஜிடி மீட்டர்தான் வெக்கணும் (காத்தோட சூடு, ஈரம், வெயில் எல்லாத்தையும் சேத்து ஒரே நம்பரா காட்டுறது), வெளி வெயில்ல அதோட கணக்குல ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டருக்கு 70 சதவீதம், வெயில் சூட்ட அளக்குற கருப்பு உருண்டைக்கு 20, சாதா காத்துக்கு வெறும் 10தான்.

சரி, மீட்டர் 28 காட்டுது, எவ்ளோ சூடு வரைக்கும் வேலை பாக்கலாம்னு சொல்ற டேபிள்லயும் ஓகேன்னு வருது, உடனே ஆள அனுப்பிடாதீங்க. அந்த டேபிள் சாதாரண யூனிஃபார்முக்கு போட்டது. ரெண்டு லேயர் துணின்னா 3 டிகிரி கூட்டணும், ஆவி வெளிய போகாத கவரால்னா (உடம்பு முழுக்க மூடுற உடுப்பு) 11 கூட்டணும், அப்போ 28 இல்ல, 39! அந்த 11-அ விட்டுட்டு போடுற எந்த கணக்கும் ஆபத்துதான்.

ஏன் இவ்ளோன்னா, ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா சுமார் 2,400 கிலோஜூல் சூட்ட எடுத்துட்டு போகும், ஆனா உடுப்புக்குள்ள ஈரம் நெறஞ்சிட்டா அது ஆவியாகவே வழி இல்ல, சும்மா வழிஞ்சு ஓடும். வேலை முடிஞ்சு கம்பூட்ட கவுத்து பாருங்க, தண்ணி கொட்டும். அத பாத்து "நல்லா வேர்க்குது, உடம்பு குளுந்துடும்"னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க, கீழ கொட்டுன வேர்வை உடம்ப குளுர வெக்காத வேர்வை.

கம்ப்யூட்டர் மாடல நம்புறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். வெக்கையில உடம்பு எவ்ளோ சூடாகும்னு கணிக்கிற ஐஎஸ்ஓ 7933 ஸ்டாண்டர்ட் நல்ல மாடல்தான், ஆனா ஆவி போகாத கவரால் மாதிரி ஸ்பெஷல் உடுப்புக்கு அது பொருந்தாதுன்னு அந்த ஸ்டாண்டர்டே சொல்லுது. அதுவும் சராசரி ஆளுக்குத்தான் கணக்கு, ஒவ்வொரு தனி ஆளுக்கும் இல்ல.

நெத்தியில துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர நீட்டி 36.8னு எழுதுறதும் வேண்டாம், வேர்வையில நனைஞ்ச தோல் உள்சூட்ட காட்டாது. அதுக்கு பதிலா நாடித்துடிப்ப பாருங்க, 180ல வயச கழிச்சு வர்ற நம்பர பல நிமிஷம் தாண்டியே நின்னாலோ, கடுமையான வேலைய நிறுத்தி ஒரு நிமிஷம் ஆகியும் 120க்கு மேல இருந்தாலோ அவர உடனே வெளிய கூட்டிட்டு வந்துடணும், மீட்டர் என்ன சொன்னாலும் சரி. வெளிய வந்ததும் ஜிப்ப மட்டும் பாதி இறக்கிட்டு உக்கார விடாதீங்க, உடுப்ப முழுசா கழட்டி ஃபேனுக்கு முன்னாடி உக்கார வெச்சாதான் அது ரெஸ்ட்.