புள்ள கத்தி அழும்போது முதல்ல நீங்க மூச்சு விடுங்க

ரெண்டு வயசு குழந்தை கடையில தரையில உருண்டு கத்துதுன்னா அது உங்கள பழிவாங்கல, மூளையில பயத்துக்கு அலாரம் அடிக்கிற அமிக்டலாங்குற பகுதி சின்ன வயசுலயே வேலைய ஆரம்பிச்சிடும் ஆனா பிரேக் போடுற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் (நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைப் பகுதி) கிட்டத்தட்ட 25 வயசு வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், அதனால உங்க பிரேக்கதான் கடன் குடுக்கணும்.

தோள தளர்த்துங்க, மூச்ச மெதுவா நீளமா வெளிய விடுங்க. அப்புறம் அது கண்ணு மட்டத்துக்கு உக்காந்து "கோவமா வருதா, அம்மா இங்கதான் இருக்கேன்", அவ்ளோதான். அட்வைஸ் அப்ப ஏறாது. கட்டிப்பிடிக்க வேணாம்னு தள்ளுச்சுன்னா பக்கத்துலயே சும்மா இருங்க. (செல்லம் குடுத்து கெடுக்குறன்னு பக்கத்துல ஒரு அத்தை சொல்வாங்க, விடுங்க.) அடங்குன பிறகு "கோவம் வரலாம், அடிக்கக் கூடாது".

நீங்களே கத்திட்டீங்களா? போய் சாரி சொல்லுங்க, அதுவும் புள்ளைக்குப் பாடம்தான்.

பக்கத்துல அன்பா ஒரு பெரியவங்க இருக்குறது எவ்ளோ முக்கியம்னு இதுல தெரியும்: ருமேனியால புகாரெஸ்ட் அனாதை இல்லங்கள்ல இருந்த 136 குழந்தைங்கள வச்சு 2000ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, பாதி பேர வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்புனாங்க, 2 வயசுக்கு முன்னாடி போனவங்க பல விஷயத்துல நல்லா தேறுனாங்க. லேட்டா போனவங்களுக்கும் முன்னேற்றம் இருந்துச்சு.

அடி, இழப்பு, விபத்துன்னு பாத்த குழந்தை சின்ன சத்தத்துக்கே உறைஞ்சு போகுது, தூங்கல, வாரக்கணக்கா இப்படியேன்னா குழந்தைகள் மனநல டாக்டர பாருங்க.