ஊட்டிக்குக் காரில் போகிறீர்களா? குன்னூரில் ஏறி கோத்தகிரியில் இறங்குங்கள்

முதலில் இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம், அதனால் மலையடிவாரத்தில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்காமல் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

விடிந்ததும் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் திரும்புவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்கு முழு ரோடும் வேண்டும். பர்லியாறில் மங்குஸ்தான் சீசன் என்றால் வாங்காமல் போகாதீர்கள். தோல் கல் மாதிரி இருந்தால் பழசு, கட்டைவிரல் லேசாக அழுந்தினால் நல்லது. பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடும்.

ஊட்டி போகிற அவசரத்தில் பலரும் தவறவிடுவது குன்னூர் சிம்ஸ் பூங்காவைத்தான். 1874-இல் உருவானது, எனக்கு ஊட்டியைவிட இதுதான் பிடிக்கும். வாசலிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கிப் போகிற பூங்கா என்பதால், முட்டிவலிக்காரர்கள் மேல் பாதையோடு நின்றுகொள்வது நல்லது, இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டுமே.

ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது, சுமார் 55 ஏக்கர். எல்லோரும் புல்வெளியில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லாகிப்போன ஒரு மரத்தண்டு அங்கே கிடக்கிறது, வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள், அதையும் பாருங்கள்.

தொட்டபெட்டா சிகரத்தை (2,637 மீட்டர்) மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பனிமூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இறங்குவதற்குக் கோத்தகிரி ரோடு, குன்னூர் பக்கத்தைவிட நெரிசல் குறைவு, இரண்டு பக்கமும் தேயிலை. மசினகுடிப் பக்கம் போகிற கல்லட்டி ரோட்டின் 36 வளைவுகளில் இறங்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால், அந்தப் பக்கமே போக வேண்டாம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். என் மச்சான் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினார். ஏழெட்டு வளைவு தாண்டியதும் ஏதோ கருகிய வாடை, பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, ஒரு டீக்கடை முன்னால் மேடான இடம் கிடைத்தது. முக்கால் மணி நேரம் சக்கரம் ஆறுகிற வரை மூன்று டீ குடித்தோம், மிச்சமான பெட்ரோல் காசு அதற்கே சரியாகப் போனது.