சளி புடிச்ச புள்ளைக்கு நடுராத்திரில காது வலிச்சா

இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஜூன் ஜூலை குளிர் வந்தாலே கிரெஷ் போற புள்ளைங்க எல்லாத்துக்கும் மூக்கு ஒழுகும், நாலாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு காத புடிச்சுக்கிட்டு அழுவாங்க, நம்ம உடனே பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்ச ஓடுவோம். அந்த எண்ணெய முதல்ல கீழ வைங்க. உள்ள காது ஜவ்வு (செவிப்பறை) ஓட்டையாகியிருந்தா நேரா நடுக்காதுக்கே போயிடும்.

மூக்குக்குப் பின்னாலேருந்து நடுக்காதுக்கு ஒரு சின்ன குழாய் போகுது, புள்ளைங்களுக்கு அது குட்டையா, படுத்தாப்ல இருக்கும். சளி வைரஸ் (ரைனோ, ஆர்எஸ்வி, ஃப்ளூ எதுவானாலும்) அத வீங்க வச்சு அடைச்சுடுது, உள்ள தண்ணி தேங்குது, மூக்குக்குள்ள சும்மா கிடந்த நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா மாதிரி பாக்டீரியா அதுல பெருகுது. அடைச்ச சாக்கடைல கொசு வர்ற கதைதான். ஆன்டிபயாடிக் கொசுவத்தான் கொல்லும், அடைப்ப எடுக்காது, அதனால மூக்கு ஒழுகுன அன்னிக்கே அமாக்சிசிலின் கேட்டு நிக்காதீங்க.

ராத்திரிக்கு வலி கொறைக்க பாரசிட்டமால், எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா, நாளைக்கு 4 தடவைக்கு மேல வேணாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

6 மாசத்துக்குள்ள குழந்தைன்னா காத்திருக்காம டாக்டர்ட்ட ஓடுங்க, 2 வயசு வரைக்கும் மறுநாளே காட்டிடுங்க. அதுக்கு மேல, ஒரு காதுதான், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்கு கீழன்னா, டாக்டரே ரெண்டு மூணு நாள் பாக்கலாம்னு சொல்லுவாரு, அத அலட்சியம்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் தானா அடங்கிடும். ஜவ்வு வீங்கியிருக்கான்னு கேளுங்க, செவப்பு மட்டும்னா அழுதாலே செவந்துடும். காதுக்குப் பின்னால வீங்கி காது முன்னால தள்ளிட்டு வந்தா, கழுத்து விறைச்சா, புள்ள துவண்டா அப்பவே ஆஸ்பத்திரி. சீழ் ஒழுகுனா வலி சட்டுனு கொறையும், ஆனா பஞ்சு வச்சு அடைக்காம, தண்ணி படாம கூட்டிட்டுப் போங்க.

புள்ளையோட கிளினிக் புக்க (தடுப்பூசி எழுதுற புக்கு) எடுத்துப் பாருங்க, 6 வாரம், 14 வாரம், 9 மாசம் நியூமோகாக்கஸ் ஊசி விழுந்திருக்கணும், தென்னாப்பிரிக்கால 2009லேருந்து இலவசமாவே போடுறாங்க. படுக்கவச்சு பாட்டில் பால் குடுக்காதீங்க, வீட்டுக்குள்ள சிகரெட்டும் வேணாம் (தாத்தாவுக்கும் சேத்துத்தான்).

வலி போனாலும் அந்தத் தண்ணி சில வாரம் உள்ளயே நிக்கும், கூப்டா திரும்பலைன்னு புள்ளைய அடிக்காதீங்க, நெசமாவே கேக்காது, 3 மாசம் தாண்டியும் டிவிய சத்தமா வச்சான்னா காது கேக்குற டெஸ்ட் எடுத்துடுங்க.