மெய்போத் போகிறீர்களா? பனிக்கட்டிக் கிடங்கைத் தவறவிடாதீர்கள்

ஈரானில் யஸ்த் வரை போகிறவர்கள் ஒரு நாளை மெய்போத்துக்கு ஒதுக்குங்கள். வடமேற்கே சுமார் 50 கி.மீ., டாக்சியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலையிலேயே கிளம்புங்கள், மதிய வெயிலில் கடைகள் பலவும் மூடிவிடும், மாலையில்தான் திறக்கும்.

எல்லோரும் முதலில் நாரின் கோட்டைக்கு ஓடுவார்கள். நீங்கள் பழைய ஒட்டகச் சத்திரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். எதிரிலேயே ‘யக்சால்’, அதாவது மண்ணால் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு. அந்தக் காலத்தில் குளிர்கால இரவில் ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் விட்டு உறையவைப்பார்கள். பக்கத்து உயரச் சுவர் பகல் வெயிலை மறைக்கும். உறைந்ததை உடைத்து, கூம்புக் கூரைக்குக் கீழே பள்ளத்தில் சேர்த்துவைத்தால் கோடைக்கு ஐஸ் தயார். பாலைவனத்தில், மின்சாரமே இல்லாமல்! உள்ளே நின்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் சத்திரத்துக்குள் ‘ஸிலு’ அருங்காட்சியகம். ஸிலு என்பது பருத்தி விரிப்பு. மசூதிக்குத் தானமாகக் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் ஓரத்தில் நெய்திருக்கும். அதைக் குனிந்து தேடுங்கள்.

கோட்டை கடைசியில். வெயில் சாயும்போது மேலே ஏறினால், ஊரே செம்மண் நிறத்தில் தெரியும். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம்.