கார்பன் புள்ளிகளின் ஒளிர்வைக் கூட்டும் முறை

கார்பன் புள்ளிகள் என்பவை சில நானோமீட்டர் அளவேயுள்ள, ஒளிரக்கூடிய கார்பன் துகள்கள். சிட்ரிக் அமிலத்தை மட்டும் சூடாக்கிப் பெறும் கார்பன் புள்ளிகள் மங்கலாகவே ஒளிரும். நைட்ரஜன் சேர்த்தால் ஒளிர்வு பெரிதும் கூடும். ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தையும் நைட்ரஜனைத் தரும் எத்திலீன்டையமீன் சுமார் 0.3 மில்லிலிட்டரையும் 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, டெஃப்லான் உள்ளுறையிட்ட ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலனில்) 200 டிகிரி செல்சியசில் 5 மணி நேரம் வைத்து, முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

பழுப்பு நிறக் கரைசல் புற ஊதா விளக்கின்கீழ் நீலமாகச் சுடர்விடும். அதைக் கண்டு அவசரப்படக் கூடாது. அந்த ஒளியில் பெரும்பங்கு உடன் உருவாகும் சிறு மூலக்கூறுகளுடையதாக இருக்கலாம். ஆகவே, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே கசியவிடும் டயாலிசிஸ் பையில் கரைசலை இட்டு நீரில் வைத்து, வெளிநீரில் நீலம் தென்படாமல் போகும் வரை நீரை மாற்றிக்கொண்டே இருப்பதையே மிக முக்கியமான படியாகக் கருதுகிறேன்.

குவாண்டம் ஈவை, அதாவது உட்கவர்ந்த ஒளியில் எவ்வளவு பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்பதை, ஈவு ஏற்கெனவே தெரிந்த குயினைன் சல்பேட்டோடு ஒப்பிட்டு அளக்கும்போது கரைசலின் ஒளி உட்கவர்வு (absorbance) 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். இப்புள்ளிகளின் ஒளிர்வு மங்குவதைக் கொண்டு இரும்பு அயனியைக் கண்டறியும் சோதனையில், கரைசலின் அமிலத்தன்மை மாறினாலும் ஒளிர்வு மாறக்கூடும் என்பதால், அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசலிலேயே அளவிடுங்கள்.