பிடிக்காத விளையாட்டை உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

“இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னாடி ஓடுறாங்க, அவ்வளவுதானே?”, “அஞ்சு நாள் ஆடிட்டு டிராவா?”, “செஸ் எல்லாம் ஒரு விளையாட்டா?” ஒரே டிவியும் இரண்டு ரசனையும் உள்ள வீட்டில் இந்த வசனங்கள் தவறாமல் வரும். சொல்பவர் பெரும்பாலும் அந்த விளையாட்டை வெறுப்பவர் இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது தெரிந்து மூன்று ஆட்டம் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

முதல் வேலை, ஹைலைட்ஸைத் தவிர்ப்பது. கோலும் விக்கெட்டும் மட்டும் அதில் இருக்கும். அவை விழக் காரணமான அரைமணி நேரத்தை வெட்டியிருப்பார்கள். எந்த ஆட்டம் என்பதை அந்த விளையாட்டின் ரசிகரே தேர்ந்தெடுக்கட்டும். கால்பந்துக்கு இறுதிப் போட்டியிலிருந்து தொடங்க வேண்டாம். தோற்றுவிடக் கூடாதே என்று இரு அணியும் பொத்திப் பொத்தி ஆடுவது அங்கே சகஜம். ஆட்டம் தொடங்குமுன் சும்மாவாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் பார்க்கும் ஆட்டம் புதியவருக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

பழகிப் பார்க்க மிகத் தோதானது கபடி. இருபது நிமிடமாக இரண்டு பாதி, அவ்வளவுதான். புரோ கபடியைப் புதிதாகப் பார்ப்பவரின் முதல் குறை, “சும்மா போய்ட்டுத் திரும்பி வர்றான்” என்பது. அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. எதிரணிப் பக்கம் பாடிப் போய்வரும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. முன்னிலையில் இருக்கும் அணி, எதிரணிப் பாதியில் குறுக்கே போட்ட பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டுப் புள்ளி இல்லாமல் திரும்பினால் நேரம் கரையும். ஆனால் தொடர்ந்து இரண்டு ரெய்டு அப்படிப் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். ஆகவே வெறும் ரெய்டுகளை விரல்விட்டு எண்ணுங்கள், மூன்றாவதுக்கு நிமிர்ந்து உட்காருங்கள்.

அடுத்து, ரெய்டரின் கையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். தடுப்பு வரிசையின் ஓரத்தில், அதாவது கார்னரில், நிற்பவரின் குறி அந்தக் கணுக்கால்தான். ரெய்டர் பாக் லைனுக்கு அப்பால் உள்ள போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து மறுகாலைத் தரையிலிருந்து தூக்கினால் ஒரு புள்ளி. எதிரணியில் ஆறு பேராவது இருந்தால்தான் அது செல்லும். களத்தில் மூன்று பேர் அல்லது அதற்கும் குறைவாக நின்று பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, இரண்டு புள்ளி. ஆள் குறைந்த அணியைக் கண்டு ரெய்டர் ஏன் தயங்குகிறார் என்பது இங்கே புரிந்துவிடும். முதல் நாளுக்கு இது போதும். களத்தின் இரு ஓரப் பட்டைகளான லாபி பற்றிய விதியை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவரே அதில் அடிக்கடி ரிவ்யூவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

கால்பந்தில் ஐந்து நிமிடம் பந்தையே பார்க்காதீர்கள். தடுப்பு வரிசையில் நிற்கும் நால்வர் ஒன்றாக முன்னேறுவதையும் பின்வாங்குவதையும் மட்டும் கவனியுங்கள். ஆஃப்சைடும் அதிலேயே விளங்கும்: பந்து உதைக்கப்படும் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகே நிற்பவர் ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றுக்கும் இது கிடையாது. கோல் எண்ணிக்கையை ரன் எண்ணிக்கைபோல நினைத்துப் பார்ப்பவருக்குத்தான் 0-0 வீண் ஆட்டமாகத் தெரியும்.

டி20 மட்டும் பார்ப்பவர் டெஸ்டுக்கு வந்தால், பேட்ஸ்மேன் தொடாமல் விடும் பந்துகளைக் கவனிக்க வேண்டும். எதை விடுகிறார், எதை விட முடியாமல் மட்டையை நீட்டுகிறார் என்பதில்தான் காலை ஆட்டமே இருக்கிறது. 80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து கிடைக்கும். அந்த நேரத்துக்குக் கட்டாயம் உட்காருங்கள். டிராவில் என்ன சுவை என்று கேட்பவருக்கு 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா டிரா செய்த சிட்னி டெஸ்டின் ஐந்தாம் நாளைப் போட்டுக் காட்டலாம். தொடைத் தசைநார்க் காயத்தோடு ஹனுமா விஹாரி 161 பந்தில் 23, முதுகுவலியோடு அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் கடைசிவரை அவுட் ஆகவில்லை. ரன் அங்கே பொருட்டே இல்லை. ஒவ்வொரு ஓவரும் கழிவதுதான் கணக்கு.

செஸ் நேரலையில் திரை ஓரத்தில் ஒரு கம்பம் ஏறி இறங்கும். கணினி சொல்லும் மதிப்பீடு அது. அதை மறைத்துவிடுங்கள், இருந்தால் “இதுகூடத் தெரியலையா?” என்று உலக சாம்பியனைக் கேட்கத் தோன்றும். கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்த நகர்வை நீங்களே ஊகியுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் பட்டம் வென்ற 14ஆவது ஆட்டம் டிராவில் முடியும் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார், முடிந்தது.

பேச்சிலும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். “இதுக்கா இவ்ளோ சத்தம்?” என்று கேட்டால் சண்டை வரும், “இப்ப ஏன் அப்படிப் பண்ணினான்?” என்று கேட்டால் பதில் வரும். ஆனால் காரியத்தைக் கெடுப்பவர் பெரும்பாலும் ரசிகர்தான். முதல் பத்து நிமிடத்தில் பதினைந்து விதியைக் கொட்டுவார், பழைய புள்ளிவிவரம் ஒப்பிப்பார், “உனக்கு எங்க புரியப்போகுது” என்பார். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று விதி போதும். விளக்கம் விசில் அடித்த பிறகு. தன் விளையாட்டை உயர்த்த மற்றவருடையதை மட்டம் தட்டவும் வேண்டாம், அடுத்த முறை பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது.

ரிமோட்டைப் பங்கிட முன்கூட்டியே பேசிவைக்கலாம். டெஸ்டில் மதிய உணவு இடைவேளை 40 நிமிடம், தேநீருக்கு 20. அந்த நேரம் மற்றவருக்கு. செஸ்ஸை மொபைலில் வைத்துக்கொள்ளலாம், நகர்வுக்கு நகர்வு நேரம் இருக்கிறது. எந்த ஆட்டமானாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் சேனல் மாற்றக் கூடாது என்று மட்டும் எழுதாத ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் கபடி என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓர் அணி மொத்தமும் வெளியேறும் ‘ஆல் அவுட்’ ஒன்று விழுந்தாலே முன்னிலை கைமாறிவிடும்.