நெல்லைச் சீமையில் அறிவியல் ஆசிரியர்களுக்கு விருது விழா நடத்துவது எப்படி?

சிறந்த அறிவியல் ஆசிரியர்களைப் பாராட்டி விழா எடுக்க முன்வரும் முன்னாள் மாணவர் சங்கங்களும் அரிமா, ரோட்டரி சங்கங்களும் ஊர் நலச் சங்கங்களும் பெரும்பாலும் மண்டபம், சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்ற வரிசையில்தான் திட்டமிடத் தொடங்குகின்றன. விருது பெறுகிறவர் வகுப்பறையில் என்ன செய்தார் என்ற கேள்வி கடைசியில், வாழ்த்துமடல் அச்சுக்குப் போகும் முந்தின நாள் இரவில்தான் எழுகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். ஆசிரியரின் வேலையை முதலில் நேரில் கண்டறிந்து, பிறகு அதைச் சபைக்குக் காட்டும் வகையில் மற்ற ஏற்பாடுகளைச் செய்வதே முறை.

விருதாளரைத் தேர்ந்தெடுக்க, தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. தனிப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் நிறைந்த பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றையும், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளைக் கொண்ட மானூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றையும் அந்த ஓர் எண்ணால் ஒப்பிடுவது நியாயமாகாது. தலைமையாசிரியரின் ஒரு பக்கப் பரிந்துரையும், முன்னாள் மாணவர் ஒருவர் தம் கையால் எழுதிய கடிதமும், ஆசிரியர் தாம் நடத்திய ஒரு பாடத்தைப் பற்றி எழுதிய குறிப்பும் விண்ணப்பத்துக்குப் போதும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கல்லூரிப் பேராசிரியர், அறிவியல் பரப்பும் பணியில் பழகிய ஒருவர் என மூவர் குழு அமைத்து, இறுதிப் பட்டியலில் உள்ளோரின் பள்ளிகளுக்கு வேலை நாளில் நேரில் செல்லச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் சோதனைக் குழாய்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுள்ளனவா, வேதிப்பொருள் புட்டிகளின் மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று லிட்மஸ் தாளைக் கையில் கொடுத்தால் தயக்கமின்றிச் சோதனையைச் செய்து காட்டுகிறதா என்பவை எந்தச் சான்றிதழையும்விடத் தெளிவாகப் பேசும். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் திட்டம் கொண்டுசென்றது, பள்ளி மாணவரின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு வழங்கும் இன்ஸ்பயர் விருதுக்கு மாணவரின் யோசனையைத் தயார்செய்து அனுப்பியது போன்றவற்றையும் கணக்கில் கொள்ளலாம். ஆனால் அந்த யோசனை மாணவருடையதுதானா என்று மாணவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களை விருதுக் குழுக்கள் வழக்கமாக மறந்துவிடுகின்றன. அரசுப் பள்ளிகளில் இதே வகுப்புகளுக்காகவே 2022 நவம்பரில், அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்பதற்கான வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. ஆகவே, குறைந்தது ஒரு விருதை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

நெல்லைச் சீமை என்று பொதுவாகச் சொன்னாலும், தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்களாகிவிட்டன. மூன்று மாவட்டத்தாருக்கும் விருது உண்டா, திருநெல்வேலி மாவட்டத்தாருக்கு மட்டுமா என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். மூன்றும் என்றால், மூன்று முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் தனித்தனியே கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் பரிசும் பணமுடிப்பும் பெறுவதற்கு நடத்தை விதிகளும் துறை அனுமதியும் குறுக்கே நிற்கக்கூடும் என்பதால், இக்கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ரொக்கப் பரிசைத் தவிர்த்து, அதே தொகைக்கு அவருடைய பள்ளி ஆய்வகத்துக்கு நுண்ணோக்கியோ மின்னியல் கருவிகளோ வாங்கிக் கொடுத்தால் சிக்கலும் குறையும், பயனும் நீடிக்கும்.

நாள் குறிப்பதில்தான் பல விழாக்கள் சறுக்குகின்றன. ராமன் விளைவைக் கண்டறிந்த 1928-ஆம் ஆண்டு நிகழ்வை நினைவுகூரும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், பெயரளவில் மிகப் பொருத்தமானதுதான். ஆனால் மேல்நிலை ஆசிரியர்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக அலைகிறார்கள், அடுத்தாற்போலப் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. செப்டம்பர் 5 அன்று மாநில அரசே டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது வழங்குவதால் கல்வித் துறையினர் அந்த வேலையில் இருப்பார்கள். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த மாதங்களில் யாரும் நம்பித் தேதி வைப்பதில்லை. ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தை ஒட்டி டவுன் பகுதிக்குள் வண்டியே நுழையாது. என் கணிப்பில் ஆடி மாதச் சனிக்கிழமையே சிறந்தது. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மண்டபங்கள் காலியாகவும் வாடகை இறங்கியும் இருக்கும், பள்ளி தொடங்கிய பரபரப்பும் அதற்குள் அடங்கியிருக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் பாபநாசம் பக்கம் கூட்டம் திரளும், அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்தில் இடம் கிடைக்குமா என்றும் விசாரித்துப் பார்க்கலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதிய உணவோடு முடித்தால், திசையன்விளையிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வருகிற ஆசிரியைகள் பொழுதோடு ஊர் திரும்ப முடியும்.

விழாவின் உயிர் வாழ்த்துமடலில் இருக்கிறது. “அறிவுச் சுடரே, கல்விக் கடலே” என்று தொடங்கும் மடலில் பெயரை மாற்றி எவருக்கும் வாசிக்கலாம் என்பதால் அது யாரையும் பாராட்டுவதில்லை. பணகுடிப் பக்கத்து இயற்பியல் ஆசிரியை ஒருவருக்கு மடல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றில் சுழலும் காற்றாலைகளை வகுப்பின் சன்னல் வழியே காட்டி, பழைய சைக்கிள் டைனமோவில் தகர இறக்கைகளைப் பொருத்தி விளக்கெரிய வைத்து, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே கணக்கிடும்படி அவர் செய்தார் என்று எழுதினால், அந்த மடல் வேறு எவருக்கும் பொருந்தாது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் தாமிரபரணி நீரையும், சுண்ணாம்புக்கல் நிறைந்த தாழையூத்துப் பகுதிக் கிணற்று நீரையும் இரு குப்பிகளில் எடுத்து, ஒரே அளவு சோப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, நுரை ஏன் வேறுபடக்கூடும் என்பதைக் கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சேர்த்து விளக்கியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். பாராட்டுச் சொற்களைவிட வினைச்சொற்கள் மிகுந்திருக்க வேண்டும். பிழையான அறிவியலைப் பாராட்டி மேடையில் வாசித்தால் ஆசிரியர்தாம் முதலில் கூசுவார் என்பதால், எழுதியதை ஒரு முறை அவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்னெழுத்தும் பட்டமும் பள்ளியின் முழுப் பெயரும் அப்போதே சரியாகிவிடும். இருநூறு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

அரங்க வாசலில் ஒவ்வொரு விருதாளருக்கும் ஒரு மேசை போட்டு, அவருடைய மாணவர் இருவர் அந்தச் சோதனையைச் செய்து காட்டட்டும். விருந்தினர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால், மடல் வாசிக்கப்படும்போது யாரைப் பற்றி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். விருதை முன்னாள் மாணவர் ஒருவர் கையால் கொடுக்கச் செய்வது நல்லது. மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ வளாகத்திலோ கூடங்குளம் அணுமின் நிலையத்திலோ விருதாளரின் மாணவர் ஒருவர் வேலை பார்த்தால் அழையுங்கள். ஊரில் மோட்டார் சரிசெய்யும் மாணவரும் அதே அளவு தகுதியுடையவர். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை தவிர வாழ்த்துரை இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம். அழைப்பிதழில் பதினைந்து பேரின் பெயரைப் போட்டுவிட்டு ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் எவரும் கேட்கப்போவதில்லை. விருதாளருக்குப் பேச நேரம் கட்டாயம் வேண்டும், அதுவும் சிறப்பு விருந்தினர் எழுந்து போவதற்கு முன்னால்.

கண்ணாடிக் கேடயங்கள் ஆசிரியர் வீட்டு அலமாரிகளில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன. பத்தமடையில் மணமக்கள் பெயரைக் கோரைப் பாயில் நெய்து தரும் வழக்கம் உண்டு. ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் அவ்வாறே நெய்து வாங்கலாம். மெல்லிய ரகம் நெய்ய நாளாகும் என்பதால், விருதாளர் தேர்வு முடிந்த கையோடு பெயர்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

விருந்துக்கு, மறுவீட்டுக்கு வைக்கும் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் மரியாதையான தேர்வு. தேங்காய்ப் பால் சொதியை மறுபடி மறுபடி கொதிக்க வைத்தால் திரிந்துவிடும் என்பதால், பந்தி ஒரு மணிக்கு என்று சமையல்காரரிடம் சொன்னால் ஒரு மணிக்கே தொடங்க வேண்டும். பேச்சாளர்களை நிறுத்த இதைவிட நல்ல காரணம் தலைவருக்குக் கிடைக்காது.

விழா முடிந்த வாரத்திலேயே மடலின் இன்னொரு படியைத் தலைமையாசிரியருக்கு அனுப்பி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஆய்வகக் கருவிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்கத்தின் நகலைப் பெற்று, விலைப் பட்டியலோடு சேர்த்துச் சங்கக் கணக்கில் வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான தேர்வுக் குழுவில் இவ்வாண்டு விருது பெற்றவர்களில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால், அவரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது; கோடை விடுமுறையில் அவர் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.